இரு நேசங்கள்: எமிலி பிராண்டேயின் ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலை முன்வைத்து

காதலின் ஆழத்தை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினா இலக்கியத்திற்குப் புதிதன்று. ஒரே பெண்ணை இருவர் நேசிக்கும் கதைகளில் இவ்வினா தவிர்க்க இயலாததாகி விடுகிறது. இருவரையும் அருகருகே நிறுத்தி, எவனுடைய அன்பு பெரிது என்று வாசகன் எடைபோடத் தொடங்குகிறான். அப்போது அவன் கையிலெடுக்கும் எடைக்கல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. யார் அதிகம் துடித்தான், யார் அதிகம் புலம்பினான், யார் அவளுக்காக உலகையே பகைத்துக்கொண்டான் என்பதே அந்த எடைக்கல். இந்த அளவுகோல் சரியானதுதானா என்று நம்மை நின்று யோசிக்க வைக்கும் நாவல்களுள் முதன்மையானது எமிலி பிராண்டேயின் ‘வதரிங் ஹைட்ஸ்’. ஆனால் இதே நாவல்தான் அந்த அளவுகோலுக்கு ஆதாரமாகவும் அடிக்கடி காட்டப்படுகிறது என்பது விந்தையானது.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள ஹாவொர்த் என்னும் சிற்றூரில், ஒரு பாதிரியாரின் இல்லத்தில் வளர்ந்தவர் எமிலி. ‘எல்லிஸ் பெல்’ என்ற புனைபெயரில் 1847 டிசம்பரில் இந்நாவல் வெளியாயிற்று. மறு ஆண்டு டிசம்பரில், தமது 30ஆம் வயதில் எமிலி காலமானார். அவர் எழுதி அச்சேறிய ஒரே நாவல் இது.

கதையின் அடிப்படை எளிமையானது. லிவர்பூல் நகரத் தெருவில் அனாதையாகக் கிடந்த சிறுவனொருவனை எர்ன்ஷா என்னும் பண்ணைக்காரர் தம் இல்லமான வதரிங் ஹைட்ஸுக்கு எடுத்து வருகிறார். அவனுக்கு ஹீத்கிளிஃப் என்று பெயரிடப்படுகிறது. கருநிறத்தவனான அவனைக் கண்டதும் அண்டை வீட்டுச் செல்வர், ‘லஸ்கார்’ சிறுவனோ என ஐயுறுகிறார். கீழைக் கடல்களிலிருந்து ஆங்கிலேயக் கப்பல்களில் வேலை செய்யச் சென்ற நம்மவர்களை அக்கால ஆங்கிலேயர் அழைத்த பெயர் அது. பண்ணைக்காரரின் மகள் கேத்தரினும் இச்சிறுவனும் ஓருயிராக வளர்கின்றனர். தந்தை மறைந்ததும் அண்ணன் ஹிண்ட்லி அவனை வேலைக்காரனாகத் தாழ்த்துகிறான். நான்கு மைல் தொலைவிலுள்ள திரஷ்கிராஸ் கிரேஞ்ச் மாளிகையின் வாரிசான எட்கர் லிண்டன் கேத்தரினை விரும்புகிறான், அவளும் இசைகிறாள். ஹீத்கிளிஃபை மணப்பது தனக்கு இழிவாகும் என்று அவள் பணிப்பெண் நெல்லியிடம் கூறியது அவன் காதில் விழுகிறது. அவன் தன் உயிரேயாவான் என்று அவள் அடுத்துக் கூறியதைக் கேட்பதற்குள் அவன் வெளியேறி விடுகிறான். பின்னர் செல்வனாகத் திரும்பி வரும்போது அவள் லிண்டனின் மனைவி.

இந்த நிலையிலிருந்து இருவரும் தத்தம் நேசத்தை எவ்வாறு வெளிப்படுத்துகின்றனர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

வாழுங்காலத்து அன்பு

ஹீத்கிளிஃபின் அன்பு கணக்கு வைக்கும் அன்பு. அதன் முதல் அடையாளத்தை எமிலி மிகச் சிறியதொரு நிகழ்ச்சியில் தருகிறார். சுவரில் தொங்கும் நாட்காட்டியை அவன் கேத்தரினுக்குச் சுட்டிக் காட்டுகிறான். அவள் லிண்டன் வீட்டாருடன் கழித்த மாலைகளுக்குச் சிலுவைக்குறி. தன்னுடன் கழித்தவற்றுக்குப் புள்ளி. ஒவ்வொரு நாளையும் அவன் குறித்து வைத்திருக்கிறான். சிலுவைகளே மிகுதி. படிப்பு மறுக்கப்பட்டு, நாள் முழுதும் வயலில் உழைத்துக் களைத்த ஓர் இளைஞனின் இச்செயல் நம் நெஞ்சை உருக்குகிறது. ஆயினும், பிற்காலத்தில் ஒவ்வொரு இழப்புக்கும் ஈடு கேட்கப் போகும் மனத்தின் முதல் பேரேடும் இதுவே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதே நாளில்தான் எட்கர் அவளைக் காண வருகிறான். அவன் கண்ணெதிரே கேத்தரின் பணிப்பெண்ணைக் கிள்ளி அறைகிறாள். குழந்தையைப் பிடித்து உலுக்குகிறாள். தடுக்க வந்த எட்கரின் காதிலும் அடி விழுகிறது. திகைத்து வெளியேறுகிறவன் வாசல்வரை சென்று திரும்பி வருகிறான். அன்று அவர்களிடையே காதல் உறுதிப்படுகிறது. அவளுடைய சினத்தைக் கண்ட பின்னும் திரும்பி வந்தவன் என்ற முறையில் எட்கர் கண்மூடித்தனமாக ஏமாந்தவன் அல்லன். ஆனால் அச்சினத்தின் வேர் எது என்று அவன் ஒருபோதும் கேட்கவில்லை. திருமணத்திற்குப் பின்னும் அவள் மனம் புண்படுமோ என்ற அச்சத்திலேயே வாழ்கிறான். அவள் இருண்டு மௌனம் காக்கும் வேளைகளில் தானும் மௌனமாக ஒதுங்கி நிற்கிறான். மரியாதையும் பரிவும் நிறைந்த ஒதுங்கல்தான் அது. எனினும் உள்ளே நுழையத் துணியாத ஒதுங்கல்.

எட்கரின் குறைகளை எமிலி மறைக்கவில்லை. ஹீத்கிளிஃபா, தானா என்று மனைவியை ஒரு முடிவுக்கு நெருக்குகிறான். அவள் அறையைத் தாழிட்டுக்கொண்டு மூன்று நாள் உண்ணாமல் கிடக்கையில் நூலகத்தில் புத்தகங்களுக்கிடையே அமர்ந்திருக்கிறான். அவள் நிலையை நெல்லி அவனிடமிருந்து மறைத்தாள் என்பது உண்மையே. ஆனால் அவன் கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாம். ஹீத்கிளிஃபுடன் ஓடிப்போன தங்கை இஸபெல்லாவுக்கு மன்னிப்பு வழங்கவும் அவனால் இயலவில்லை.

ஆனால் கேத்தரின் மூளைக் காய்ச்சலில் வீழ்ந்தபோது நாம் வேறோர் எட்கரைக் காண்கிறோம். ஒரே பிள்ளையைப் பெற்ற தாயும் இத்தனை ஈடுபாட்டோடு பேணியிருக்க மாட்டாள் என்று நெல்லி சான்றளிக்கும் அளவுக்கு இரண்டு மாதம் இரவும் பகலும் அவள் அருகிருக்கிறான். தான் மீட்டெடுப்பது பழைய கேத்தரினை அல்ல, அவளுடைய சிதைவை மட்டுமே என்று பிறர் எண்ணினாலும் அவன் பணிவிடை குன்றவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுதில் அவள் தலையணையருகே ஒரு கைப்பிடிப் பொன்னிறக் குரோக்கஸ் மலர்களை வைத்துச் செல்கிறான். கண்விழித்ததும் அவை அவளுடைய பிறந்த மேட்டுநில வீட்டை அவளுக்கு நினைவூட்டுகின்றன. அவன் கொண்டு வந்த மலர், அவனால் செல்ல முடியாத இடத்துக்கு அவளை அழைத்துச் செல்கிறது.

இந்தப் பணிவிடையைத்தான் ஹீத்கிளிஃப் எள்ளி நகையாடுகிறான். கடமை, மனிதத்தன்மை, இரக்கம் ஆகியவற்றின் பெயரால் அவளைப் பேணுவது, பெருமரத்தைப் பூந்தொட்டியில் வளர்க்க முயல்வது போன்றது என்பது அவன் வாதம். எட்கர் எண்பது ஆண்டுகளில் தரக்கூடிய அன்பைத் தான் ஒரே நாளில் தரவல்லவன் என்கிறான். இதே உரையாடலில் அவன் வேறொன்றும் சொல்கிறான். அதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். தான் எட்கரின் இடத்தில் இருந்திருந்தால், எத்துணை வெறுத்தாலும், அவள் விரும்பும்வரை அவனை அவளிடமிருந்து விலக்கியிருக்க மாட்டேன். அவன்மீது கை வைத்திருக்கவும் மாட்டேன் என்கிறான். எட்கரால் செய்ய முடியாத ஒன்றைத் தன்னால் செய்ய முடியும் என்ற இப்பெருமிதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு வரம்பும் உண்டு. அவளுடைய பிரியம் எட்கர்மீது அற்றுப்போகும் கணத்தில் அவன் நெஞ்சைப் பிளந்திருப்பேன் என்பது அடுத்த வாக்கியம். அவனுடைய அறம் முழுவதும் உயிரோடிருக்கும் கேத்தரின் என்னும் ஒற்றை இழையில் தொங்குகிறது. அந்த இழை அறுந்தால் என்னாகும் என்பதே நாவலின் மீதிக்கதை.

அவர்களுடைய கடைசிச் சந்திப்பில் இவ்விரு நேசங்களும் ஒரே காட்சியில் நேருக்கு நேர் நிற்கின்றன. கர்ப்பிணியாய், சாவின் விளிம்பில் இருப்பவளிடம் ஹீத்கிளிஃப் வருகிறான். அவன் பற்றிய இடத்தில் அவள் கையில் நான்கு விரல்தடங்கள் நீலமாகப் பதிகின்றன. உன் இதயத்துக்கு நீயே ஏன் துரோகம் செய்தாய் என்று அவளைக் குற்றம் சாட்டி அழுகிறான். எட்கர் உள்ளே நுழைகிறான். நினைவிழந்த அவளை ஹீத்கிளிஃப் அவன் கைகளில் ஒப்படைத்து, முதலில் இவளைக் கவனி, பிறகு என்னிடம் பேசு என்கிறான். பகைமையெல்லாம் மறந்து எட்கர் அவளைத் தேற்ற முனைகிறான். ஒரு கணத்திற்கேனும் இரு போட்டியாளர்களும் ஒரே அக்கறையில் இணைந்த இடம் இது ஒன்றே.

மரணத்திற்குப் பின்

34 அத்தியாயங்கள் கொண்ட இந்நாவலில் கேத்தரின் 16ஆம் அத்தியாயத்தில் இறந்துவிடுகிறாள். காதல் கதையென்று கொண்டால் எஞ்சிய 18 அத்தியாயங்களுக்கு இடமேயில்லை. திரைப்படக்காரர்கள் இதை உணர்ந்தே செயல்பட்டனர். 1939இல் வில்லியம் வைலர் இயக்கிய ஹாலிவுட் படம் அடுத்த தலைமுறையின் கதையை முற்றாக வெட்டியெறிந்தது. 1966இல் திலீப்குமார் நடித்து வெளிவந்த ‘தில் தியா தர்த் லியா’ என்ற இந்திப் படமும் இந்நாவலைத் தழுவியதே. திரையின் வழியாக மட்டும் இக்கதையை அறிந்தோருக்கு ஹீத்கிளிஃப் ஒரு துயரக் காதலன். நூலை முழுமையாக வாசித்தோருக்கு அவ்வளவு எளிதாக அப்படிச் சொல்ல வாய் வராது. எமிலி அந்த 18 அத்தியாயங்களை வீணாக எழுதவில்லை. நேசிக்கப்பட்டவள் மறைந்த பின் நேசித்தவர்கள் என்ன செய்தனர் என்பதே அவருடைய உண்மையான சோதனை.

சடலம் வீட்டில் கிடந்த நாட்களில் எட்கர் இரவும் பகலும் அதனருகே காவலிருக்கிறான். வெளியே தோட்டத்தில், பனியில் நனைந்து, மரத்தோடு மரமாக ஹீத்கிளிஃப் நிற்கிறான். இறந்தவள் அமைதியுறாதிருக்கட்டும், ஆவியாக வந்து தன்னை வாட்டட்டும் என்று அவன் வேண்டுகிறான்; மரத்தில் தலையை மோதிக்கொள்கிறான். எட்கரோ, தன் மனைவியின் ஆவி தன்னைத் தொடர வேண்டுமென இறைஞ்சவில்லை என்று நெல்லி பின்னர் ஒப்பிட்டுக் கூறுகிறாள். ஒருவன் அவளுக்கு நிம்மதியை வேண்டுகிறான்; மற்றவன் தனக்கு அவளை வேண்டுகிறான்.

பிரேதத்தின் கழுத்தில் கிடந்த லாக்கெட்டில் எட்கரின் வெளிர்நிற முடிக்கற்றை இருந்தது. எவரும் காணாதபோது உள்ளே வந்த ஹீத்கிளிஃப் அதை எடுத்தெறிந்துவிட்டுத் தன் கருங்கற்றையை வைத்துச் செல்கிறான். நெல்லி இரண்டையும் ஒன்றாக முறுக்கி லாக்கெட்டில் மூடி வைக்கிறாள். இவ்வொரு செயலே இருவருக்குமிடையில் அந்த எளிய பணிப்பெண் வழங்கிய தீர்ப்பு. ஒருவேளை கேத்தரின் தனக்காகக் கேட்டதும் இதுவாகவே இருக்கலாம். இருவரில் ஒருவரை விடு என்று இருவரும் அவளை நெருக்கினர். அவளோ கடைசிவரை இருவரையும் விடவில்லை.

அடுத்து வருவது குழந்தை. கேத்தரின் இறப்பதற்கு இரண்டு மணி நேரத்திற்கு முன் பிறந்த பெண்மகவு. அதற்குத் தாயின் பெயரையே எட்கர் சூட்டுகிறான். ஆனால் முழுப் பெயர் சொல்லி ஒருபோதும் அழைப்பதில்லை. மனைவியைச் சுருக்கப் பெயரால் அவன் அழைத்ததேயில்லை. ஹீத்கிளிஃப் அவ்வாறு அழைப்பதுண்டு என்பதே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்கிறாள் நெல்லி. மகள் அவனுக்கு எப்போதும் ‘கேத்தி’. அந்தப் பெயர் அவளைத் தாயிடமிருந்து வேறுபடுத்தவும் செய்கிறது, தாயோடு இணைக்கவும் செய்கிறது. மாஜிஸ்திரேட் பதவியைத் துறந்து, ஊருக்குள் செல்வதையும் தவிர்த்து, மகளை வளர்ப்பதிலேயே எஞ்சிய நாட்களைச் செலவிடுகிறான். மார்ச் 20 மகளின் பிறந்தநாள். அதுவே மனைவியின் நினைவுநாள். ஆண்டுதோறும் அன்று பகல் முழுதும் நூலகத்தில் தனித்திருந்து, அந்தியில் கல்லறைக்குச் சென்று நள்ளிரவு கடந்தும் அங்கேயே இருக்கிறான். இச்செயலுக்குச் சாட்சிகள் வேண்டுமென அவன் நினைத்ததில்லை.

ஹீத்கிளிஃபும் கல்லறைக்குச் சென்றவனே. அடக்கம் நடந்த இரவில் மண்ணைத் தோண்டுகிறான். 18 ஆண்டுகள் கழித்து எட்கருக்குக் குழி வெட்டப்படும்போது பெட்டியைத் திறந்து அவள் முகத்தைக் காண்கிறான். எட்கர் இருக்கும் பக்கத்தை விடுத்து, மறுபக்கத்துப் பலகையைத் தளர்த்தி வைத்து, தன்னைப் புதைக்கும்போது அதை அகற்றிவிடும்படி குழிவெட்டுபவனுக்குக் கையூட்டும் தருகிறான். இதன் பயங்கர அழகை மறுக்க இயலாது. ஆனால் அதே நாட்களில் அவன் உயிரோடிருப்பவர்களுக்குச் செய்வது என்ன? கேத்தரினின் அண்ணன் மகன் ஹேர்ட்டனை எழுத்தறிவற்ற உழவாளாக்குகிறான். கேத்தரின் பெற்ற மகளை வீட்டில் சிறைவைத்து, கன்னத்தில் அறைந்து, சாகக் கிடக்கும் தந்தையைக் காணவொட்டாமல் தடுத்து, நோயாளியான தன் மகனுக்குக் கட்டாய மணம் செய்விக்கிறான். யாருடைய நினைவுக்காக உயிர் துடிக்கிறதோ, அவளுடைய இரத்தத்தின்மீதே அவன் வஞ்சம் தீர்க்கிறான்.

மஜ்னூனும் நாயும்

இவ்விடத்தில் நமக்கு நிஸாமி கஞ்சவீ நினைவுக்கு வருகிறார். கி.பி. 1188இல் அவர் பாரசீகத்தில் பாடிய ‘லைலா மஜ்னூன்’ காவியத்திலும் ஒரு பெண்ணும் அவளை நேசித்த இருவரும் உண்டு. கைஸ் என்னும் மஜ்னூன் பாலைவனத்தில் விலங்குகளோடு திரிகிறான். லைலாவை மணந்த இப்னு ஸலாம் அவளால் ஏற்கப்படாமலே, அவளைக் காண்பதே போதும் என்ற நிறைவோடு வாழ்ந்து நோயுற்று மறைகிறான். எமிலி இக்காவியத்தை அறிந்திருந்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. பித்தேறிய காதலனும் பொறுமைமிக்க கணவனும் என்ற இந்த அமைப்பின் ஒற்றுமை ஒப்பிட்டு நோக்கத் தூண்டுகிறது.

வேற்றுமையே நமக்குப் பாடம். தன்னைத் தவிர மஜ்னூனின் பித்து எவரையும் அழிக்கவில்லை. மௌலானா ரூமி தமது மஸ்னவியில், மஜ்னூன் ஒரு நாயைத் தழுவி முத்தமிட்டதைச் சொல்கிறார். அது லைலாவின் தெருவில் வாழும் நாய் என்பதே அவன் சொன்ன காரணம். நேசம் முழுமையுற்றால் நேசிக்கப்படுபவரைச் சார்ந்த அனைத்தின் மீதும் அது பரவிப் படரும் என்பதே அக்கதையின் உட்பொருள். ஹீத்கிளிஃபின் கதையிலும் ஒரு நாய் வருகிறது. கேத்தரினின் நாத்தியான இஸபெல்லாவை அழைத்துச் செல்லும் இரவில், அவள் வளர்த்த குட்டி நாயை அவன் கைக்குட்டையில் கட்டித் தொங்கவிட்டுச் செல்கிறான். நெல்லி அதை அவிழ்த்து உயிர் காக்கிறாள். இரு காதலர்களுக்குமிடையில் உள்ள தொலைவை இவ்விரு நாய்களைக் கொண்டே நாம் அளந்துவிடலாம்.

எமிலியின் தமக்கை சார்லட், 1850ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஏறத்தாழ இதையே உணர்த்துகிறார். ஹீத்கிளிஃபை மனிதகுலத்தோடு பிணைக்கும் ஒரே கண்ணி அவனது காதல் அன்று. ஹேர்ட்டனிடம் தனக்குள்ளதாக அவன் கரடுமுரடாக ஒப்புக்கொள்ளும் பரிவே என்கிறார். உறுதிக்கும் மென்மைக்கும் எடுத்துக்காட்டாக அவர் சுட்டுவது எட்கரை. இப்பண்புகள் ஆணிடத்தில் அவ்வளவு சிறக்கா என்று கருதுவோரும் உண்டு என அவர் குறிப்பிடத் தவறவில்லை. எட்கரைக் கோழை என்று ஒதுக்கும் வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முடிவாக

ஹீத்கிளிஃபின் நேசம் பொய் என்பது நம் கருத்தன்று. கேத்தரின் யார் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. எட்கர் அவளை நேசித்தான். ஆனால் பாதியையே அறிந்திருந்தான். அறிந்தவனிடம் கருணை இல்லை. கருணையுள்ளவனிடம் அறிதல் இல்லை. கேத்தரினின் துன்பத்திற்கு இதுவே காரணம். அவளும் இதில் குற்றமற்றவள் அல்லள். செல்வத்தையும் உயிர்த்துணையையும் ஒருங்கே விழைந்து இருவரையும் புண்படுத்தினாள். ஆயினும், கொந்தளிப்பே காதல் என்று நம்புவோர் இந்நாவலைச் சாட்சிக்கு அழைக்கும்போது, அது அவர்கள் எதிர்பார்த்த சாட்சியத்தைத் தருவதில்லை. தன்னை மறுத்த பெண்ணையும் அவளைச் சார்ந்தோரையும் வதைப்பதைக் காதலின் பெயரால் நியாயப்படுத்தும் மனநிலை இன்றும் நம்மிடையே மறையவில்லை. ஆகவே இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹீத்கிளிஃபே இறுதியில் இதை உணர்கிறான். கேத்தியும் ஹேர்ட்டனும் அருகருகே அமர்ந்து புத்தகம் படிக்கின்றனர். இளையவள் தன் அத்தை மகனின் மரணத்திற்குப் பின், மாமன் மகனான ஹேர்ட்டனுக்கு எழுத்தறிவிக்கிறாள். எட்கரின் நூலகப் பழக்கம் மகள் கைவழி வதரிங் ஹைட்ஸுக்குள் நுழைந்துவிட்டது. இருவரும் ஒருசேரத் தலைநிமிர்ந்து பார்க்கின்றனர். இரண்டு முகங்களிலும் இருப்பவை கேத்தரினின் கண்கள். இரு குடும்பங்களையும் வேரறுக்கும் வல்லமை கைக்கெட்டிய அந்நேரத்தில், ஓங்கிய கையை இறக்க அவனுக்கு விருப்பமில்லாமற் போகிறது. நேசித்தவளை அவள் விட்டுச் சென்றவர்களிடத்தில் காண்பதற்கு எட்கருக்குச் சில நாட்களே தேவைப்பட்டன. ஹீத்கிளிஃபுக்கு 18 ஆண்டுகள் பிடித்தன.

நாவல் முடியும்போது மேட்டுவெளியை ஒட்டிய சரிவில் மூன்று நடுகற்கள் நிற்கின்றன. நடுவில் உள்ளது கேத்தரினுடையது. சாம்பல் நிறமேறி, காட்டுச்செடிகளில் பாதி மறைந்திருக்கிறது. எட்கரின் கல்லடியில் புல்லும் பாசியும் படரத் தொடங்கியுள்ளன. ஹீத்கிளிஃபின் கல் இன்னும் வெறுமையாக இருக்கிறது. மண்ணும் அவனை ஏற்றுக்கொள்ளச் சற்றுக் காலம் எடுத்துக்கொள்ளும் போலும்.